வேலம்பாளையம் வட்டாரத்துப் பழைய பெட்ரோல் பங்க்குகள்: ஒரு திறந்த மடல்

15 வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர் சுற்றுவட்டாரத்தில் வண்டி ஓட்டும் பனியன் தொழிலாளர்கள், ஜாப் ஒர்க் உரிமையாளர்கள், பங்க் நடத்துவோர், பங்க்கில் வேலை செய்வோர் அனைவருக்கும்,



கொங்கு நாட்டின் ஊர்ச்சாலைகளில் இன்றும் வேலை செய்யும் பழைய பெட்ரோல் பங்க்கின் உறுப்புகள் குறைவு. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என இரண்டு இயந்திரங்கள். ஓடோ தகரமோ வேய்ந்த ஓர் அறை. மண்ணுக்குள் புதைந்த இரும்புத் தொட்டிகள். தொட்டியின் ஆவி வெளியேறச் சுவரோரம் உயர்ந்து நிற்கும் வென்ட் குழாய். நெடுஞ்சாலைப் பங்க்கில் காணும் உயர்ந்த மேற்கூரையும், வரிசையாகத் தொங்கும் நாசில்களும், கடைகளும் இங்கே இல்லை. இயந்திரங்கள் பெரும்பாலும் மின்னணுவுக்கு மாறிவிட்டன. இடமும் தொட்டியும் வேலை செய்யும் முறையும் பழையவை.

இத்தகைய பங்க்கைப் பற்றி மக்களிடம் இரண்டு எண்ணங்கள் உண்டு. 'பழைய பங்க், அளவு குறையும்' என்பது ஒன்று. 'தெரிஞ்ச பங்க், தப்பு நடக்காது' என்பது மற்றொன்று. இரண்டுமே சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுபவை. ஒரு பங்க்கின் தரத்தை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அளவு சரியாக இருக்கிறதா, தொட்டியில் நீரும் ஓட்டையும் இல்லாமல் இருக்கிறதா, கேட்டால் சோதித்துக் காட்ட ஆள் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளே தீர்மானிக்கின்றன. முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் விடையை வண்டி ஓட்டும் எவரும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்; தொட்டியின் நிலையைப் பங்க் நடத்துவோர்தான் சோதிக்க வேண்டும்.

திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விகளுக்கு எடை அதிகம். 15 வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இங்கே ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழ் உருவாவது அரிது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம். கட்டிங் முடிந்த பீஸ் பண்டல் பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் போய், தையலுக்காகப் பவர் டேபிளுக்கு வந்து, பிறகு அயர்னிங்குக்கும் பேக்கிங்குக்கும் நகர்கிறது. துணி ஒவ்வொரு படியிலும் வண்டி ஏறுகிறது. பெரிய லோடு லாரியில் போகிறது. நடுத்தர லோடு 2005-இல் வந்த டாடா ஏஸில், அதாவது எல்லோரும் 'குட்டியானை' என்று அழைக்கும் வண்டியில் போகிறது. சின்ன பண்டல் மொபெட்டின் முன்பக்கத்தில் போகிறது. இந்த வண்டிகள் நெடுஞ்சாலைக்குப் போய் எரிபொருள் போட்டுத் திரும்புவதில்லை. போகிற வழியில் இருக்கும் பங்க்கில்தான் போடுகின்றன. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தொழிலாளி ஐம்பதுக்கும் நூறுக்கும் பெட்ரோல் போடுவதும் அங்கேதான்.

இந்தப் பங்க்குகள் வந்த வழியையும் பார்க்கலாம். பெட்ரோல் விற்பனை பங்க்கில் தொடங்கியதல்ல. 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த காரில் நெடும்பயணம் போனபோது, வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரத்தைச் சேர்ந்த சில்வானஸ் பவுசர் 1885-இல் மண்ணெண்ணெய்க்காக ஒரு கைப்பம்பு செய்து விற்றார். 1905-இல் அவருடைய நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கு அளந்து ஊற்றும் பம்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் தொடக்கத்தில் பெட்ரோல் தகர டின்களில் விற்கப்பட்டது. 1928-இல் பர்மா ஷெல் நிறுவனம் அமைந்து, அடுத்த பத்தாண்டில் சாலையோரப் பம்புகள் பரவின. எஸ்ஸோ 1974-இல் அரசுடைமையாகி ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகி, மறு ஆண்டு பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது. இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் 1964 முதல் இயங்குகிறது. நாட்டின் மிகப் பழைய பங்க்குகள் பலவற்றில் பெயர்ப்பலகை மாறியதே தவிர, மேடையும் தொட்டிக்குழியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பழைய பங்க்கின் அடையாளமாக இருந்தது சக்கர எண் இயந்திரம். அதன் வேலை எளிது. மோட்டார் சுழலும்போது உள்ளேயுள்ள பம்பு தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்றைப் பிரிக்கும் அறை வழியாகப் பெட்ரோல் மீட்டருக்குப் போகிறது. மீட்டரில் உள்ள பிஸ்டன்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவு பெட்ரோலை நிரப்பி வெளியே தள்ளுகின்றன. பிஸ்டன் நகர நகர ஒரு தண்டு சுழல்கிறது. அந்தத் தண்டு பல்சக்கரங்கள் வழியே லிட்டர் எண்ணையும் ரூபாய் எண்ணையும் உருட்டுகிறது. முகப்பில் சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அதில் பெட்ரோல் நிறைந்து ஓடினால் மீட்டருக்குள் போவது முழுக்கப் பெட்ரோல். நுரையும் குமிழியும் தெரிந்தால் காற்றும் சேர்ந்து அளக்கப்படுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் முன்பு பணியாளர் கைப்பிடியைச் சுழற்றி எண்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, "ஏனுங்க, ஜீரோ பாத்துக்குங்க" என்பார். இயந்திரம் மாறினாலும் இந்தச் சொல் மாறவில்லை.

அதே மேடையில் இன்னொரு சிறு கருவியும் இருந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்து வந்தபின், கொங்கு நாட்டின் தோட்டத்திலும் பனியன் கம்பெனி வாசலிலும் அதுவே முதல் வண்டியாயிற்று. அது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை, வண்டிக்குத் தக்க அளவில், கண்ணாடிக் குடுவை பொருத்திய கைப்பம்பிலிருந்து ஆயிலை இறக்கிக் கலந்து கொடுப்பார்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை கக்கும். எனவே அளவு தெரிந்த பணியாளர் அந்த மொபெட்டுக்குப் பாதி மெக்கானிக். 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தபின் இந்தக் கைப்பம்பின் தேவை குறைந்தது.

சக்கர எண் இயந்திரத்தை ஓரங்கட்டியது விலை முறையில் வந்த மாற்றம். 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை 6 மணிக்கு விலை மாற்றும் முறை வந்தது. பழைய இயந்திரத்தில் விலையை மாற்ற மூடியைத் திறந்து பல்சக்கரத்தைக் கையால் நகர்த்த வேண்டும். அதை அன்றாடம் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. 2021-இல் இன்னொரு முட்டுக்கட்டை வந்தது. லிட்டர் விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது, இரண்டு இலக்க ரூபாய்க்கு மேல் காட்ட முடியாத பழைய இயந்திரங்களில் மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் விற்பனையை நிறுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலை தொடக்கத்தில் சென்னையிலும் பெட்ரோல் நூறைத் தாண்டியது.

மின்னணு இயந்திரம் வந்துவிட்டால் அளவு தானாகச் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசக் காவல்துறை லக்னோவில் நடத்திய சோதனையில், மின்னணு இயந்திரங்களுக்குள் சிப் பொருத்தி அளவைக் குறைத்த பங்க்குகள் பிடிபட்டன. நேர்மை இயந்திரத்தின் வகையில் இல்லை. அதன் மேலுள்ள சீலிலும், அதைச் சோதிக்கும் பழக்கத்திலும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி ஒவ்வொரு பம்பும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. மீட்டரைத் திருத்தும் இடத்தில் ஈயச் சீல் வைக்கப்படும். சீல் அறுந்திருந்தால் அந்த இயந்திரத்தில் விற்கக் கூடாது.

வண்டி ஓட்டுபவரின் கையிலுள்ள கருவி ஐந்து லிட்டர் அளவைக் கேன். முத்திரையிட்ட இந்தக் கேன் எல்லாப் பங்க்கிலும் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்டவும் வேண்டும். சோதிக்கும் முறை இது. முதலில் கேனைப் பெட்ரோலால் ஒருமுறை நனைத்துக் கவிழ்த்து, சொட்டு வடியும்வரை சற்று நேரம் விட வேண்டும். காய்ந்த கேனில் அளந்தால் சுவரில் ஒட்டும் பெட்ரோல் கணக்கில் குறையாகத் தெரியும். பிறகு கேனைச் சமதரையில் வைத்து, இயந்திரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நிறுத்தாமல் ஐந்து லிட்டர் பிடிக்க வேண்டும். குறுகிய கழுத்தில் மில்லி அளவுக் கோடுகள் இருக்கும். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருந்தால் அது அனுமதிக்கப்பட்ட பிழை. அதற்கு மேல் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனையை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

சில்லறையாகப் போடுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டபின் ஐம்பது ரூபாய்க்குக் கிடைப்பது அரை லிட்டர்தான். நாசிலைத் திறந்து மூடும்போது ஏற்படும் சில மில்லி வேறுபாடு ஐந்து லிட்டரில் பெரிதல்ல. அரை லிட்டரில் அதுவே பெரிய பங்கு. இயந்திரம் நேர்மையாக இருந்தாலும் இந்த நிலை மாறாது. வாரத்தில் நான்கு முறை ஐம்பதுக்குப் போடுவதைவிடச் சனிக்கிழமை ஒருமுறை இருநூறுக்குப் போடுவது தொழிலாளிக்கு நல்லது. காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. மண்ணுக்குள் இருக்கும் தொட்டியின் வெப்பநிலை ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை.

தரத்தைப் பார்க்க இரண்டு வழிகள். முதலாவது வடிதாள். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தாளில் விட்டால், சுமார் இரண்டு நிமிடத்தில் அது ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது டென்சிட்டி. 15 டிகிரி வெப்பநிலையில் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம். லோடு வந்தபோது எழுதிய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் இடையே 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் மாற்று அட்டவணையும் பங்க்கிலேயே இருக்கும். அன்றைய டென்சிட்டியை எழுதிவைப்பதும் விதி.

பழைய பங்க்கில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது கண்ணில் படாத தொட்டி. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை செல்லும் 292 கிலோமீட்டர் குழாய் 2002 முதல் இந்த மேற்கு மாவட்டங்களுக்கு எரிபொருள் கொண்டுவருகிறது. அங்கிருந்து டேங்கர் லாரியில் வரும் பெட்ரோல் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், பங்க்கின் தொட்டியில் தண்ணீர் இருந்தால் கெட்டுவிடும். முன்பு தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் அதற்கு மேலே இருப்பதால் வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் போகும். எத்தனால் கலப்பு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. 2022-இல் 10 சதவீதமாக இருந்த கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரோடு எளிதில் சேரும். சிறிதளவு நீர் முதலில் கரைந்துவிடும்; எல்லை தாண்டியதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு நீர் அடியில் கனத்த அடுக்காகப் பிரியும். அந்த அடுக்கு உறிஞ்சு குழாயின் வாயைத் தொட்டால் வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் அடுத்த தெருவிலேயே நின்றுவிடும்.

எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே தொட்டி மூடியின் ரப்பரை மாற்ற வேண்டும். நிரப்பு குழாயின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேன்ஹோல் குழியில் நிற்கும் நீரை இறைக்க வேண்டும். அளவுக்கோலின் அடியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட் தடவித் தினமும் இறக்கிப் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று தனிப் பேஸ்ட் இருப்பதால் பழைய டப்பாவை நம்பிவிடக் கூடாது.

தொட்டியின் ஓட்டை இன்னும் பெரிய கேடு. திருப்பூர் மண்ணும் நிலத்தடி நீரும் ஏற்கெனவே பட்டது போதும். நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இவ்வட்டாரம் அறிந்தவை. அந்த நீரில் பெட்ரோலும் சேரக் கூடாது. இங்கே பழைய அமைப்புக்கு ஒரு நன்மை உண்டு. இயந்திரத்துக்குள்ளேயே பம்பு இருந்து உறிஞ்சும் முறையில், குழாயில் துளை விழுந்தால் காற்று உள்ளே போகும். பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிவிடும். தொட்டிக்குள் பம்பை இறக்கி அழுத்தித் தள்ளும் புதிய முறையில் அதே துளை வழியே பெட்ரோல் மண்ணுக்குள் பீய்ச்சும். அதனால் கசிவைக் கண்டறியும் கருவி கட்டாயத் தேவை ஆகிறது. ஆனால் தொட்டியின் இரும்பு துருப்பிடித்தால் பழைய முறையும் காப்பாற்றாது. அளவுக்கோல் காட்டும் இருப்பையும் விற்ற கணக்கையும் நாள்தோறும் ஒப்பிட்டு, காரணமில்லாத குறைவு தொடர்ந்தால் தொட்டியை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

தொட்டியைப் பற்றி ஜப்பானின் அனுபவம் பாடம். அங்கே 1990-களின் நடுவில் சுமார் 60 ஆயிரம் பங்க்குகள் இருந்தன. இன்று அதில் பாதிகூட இல்லை. 2011-இல் வந்த விதி, நாற்பது ஆண்டுக்கு மேலான தொட்டிகளைப் புதுப்பிக்கச் சொன்னது. விதி தேவையானதுதான். ஆனால் செலவைத் தாங்க முடியாத கிராமத்துப் பங்க்குகள் பல மூடப்பட்டன. மூன்று அல்லது அதற்கும் குறைவான பங்க் உள்ள ஊர்களை அந்நாட்டு அரசு இப்போது தனியே பட்டியலிடுகிறது. சில இடங்களில் ஊர் மக்களே பணம் போட்டுப் பங்க்கை எடுத்து நடத்துகிறார்கள். பாதுகாப்பைக் கேட்கும்போதே செலவை யார் ஏற்பது என்றும் தீர்மானிக்காவிட்டால், ஊர் பங்க்கை இழக்கும் என்பதே அதிலிருந்து தெரிவது.

இந்தியாவில் நிலை வேறு. எண்ணெய் நிறுவனங்கள் 2018 நவம்பரில் நாடெங்கும் ஏராளமான புதிய பங்க்குகளுக்கு விண்ணப்பம் கேட்டன. மொத்த எண்ணிக்கை இன்று 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. புதியவை பெருகும்போது ஒற்றை மேடைப் பங்க்கின் விற்பனை சுருங்குகிறது. 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த நெறிப்படி, புதிய பங்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடி உள்ள இடத்திலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நெருங்கிய குடியிருப்புக்கு நடுவே இன்றிருக்கும் பழைய பங்க் மூடப்பட்டால், அதே இடத்தில் மற்றொன்று வருவது கடினம்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. பங்க் நடத்துவோர் ஐந்து லிட்டர் கேனைப் பூட்டிய அறையில் வைக்காமல் மேடையருகே வைக்க வேண்டும். காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, புகார்ப் புத்தகம் ஆகியவை கட்டாயம் என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் தொட்டியும் பம்பும் எண்ணெய் நிறுவனங்களின் உடைமை. அங்கே தொட்டியைச் சோதிப்பதையும் மாற்றுவதையும் டீலர் தலையில் கட்டாமல் நிறுவனமே ஏற்க வேண்டும். பங்க்கில் வேலை செய்வோருக்கு அளவைச் சோதிக்கவும், டென்சிட்டி பார்க்கவும், தீயணைப்பானைக் கையாளவும் முறையான பயிற்சி வேண்டும். டேங்கர் லோடு இறங்கும்போது எர்த் ஒயரை மாட்டிய பிறகே ஹோஸைப் பூட்ட வேண்டும். அந்த நேரத்தில் மேடையில் வேறு வண்டியை விடக் கூடாது. 23 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை விடும் பெட்ரோலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கேட்பதையும் கொடுப்பதையும் இரு தரப்பும் நிறுத்த வேண்டும்.

வண்டி ஓட்டுவோருக்கான வேண்டுகோள் சிறியது. மேற்கூரையின் உயரத்தைப் பார்த்துப் பங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வழக்கமாகப் போடும் பங்க்கில் ஒருமுறை ஐந்து லிட்டர் கேனை எடுத்துவரச் சொல்லி அளந்து பாருங்கள். சீலையும் அன்றைய டென்சிட்டியையும் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அங்கேயே தொடர்ந்து போடுங்கள். குறைந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், தொழிலாளர் துறைக்கும் தெரிவியுங்கள். சரியாக அளக்கும் பழைய பங்க் ஊருக்கு வேண்டும். அளக்க மறுக்கும் பங்க், பழையதானாலும் புதியதானாலும், வேண்டாம்.